வலிக்காத புண்ணை ஆற வைத்த டாக்டர்! கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டின் கதை

அடிப்பாதத்தில் ஒரு புண். கட்டைவிரலுக்கு நேர் கீழே, ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். ஆறு மாசமா ஆறலை. களிம்பை மாத்தியாச்சு, மாத்திரையை மாத்தியாச்சு, ஆஸ்பத்திரியையும் மாத்தியாச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தப் போறாங்க. நடந்தே போறாங்க, நடந்தே வர்றாங்க. வலிக்குதான்னு கேட்டா, சுத்தமா இல்லைன்னு பதில் வருது.

விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற ஆலங்குளம், சிமென்ட் ஆலையால் பேர் வாங்கின ஊர். சுற்றுவட்டாரம் முழுக்க பட்டாசு வேலை. காலையில் பஸ் ஏறி, நாள் முழுக்க சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயத் திரும்பி வருகிற ஜனங்கள். இந்தப் பக்கத்தில் சர்க்கரை உள்ள ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கணும். இந்தியா முழுக்கப் பார்த்தால் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்கிறது 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு. அதனால் மேலே சொன்ன புண்ணை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

அந்தப் புண் ஏன் ஆறலை என்கிற கேள்விக்கான பதில், நடந்தே போறாங்க, நடந்தே வர்றாங்க என்பதிலேயே இருக்கு. இதைக் கண்டுபிடிக்க ஒரு மனுஷர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தார். அவர் பிறந்தது நம்ம கொல்லிமலையில். பேர் பால் பிராண்ட்.

மலையில் ஒரு சிறுவன்

1914 ஜூலை 17. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேய மிஷனரி தம்பதிக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார் பால். ரோடு கிடையாது, கரன்ட் கிடையாது. மலேரியா மட்டும் தாராளமாக இருந்தது. அப்பா வீடு கட்டுவார், பள்ளிக்கூடம் நடத்துவார், கற்றுக்கொண்ட கொஞ்ச மருத்துவத்தை வைத்து மலைவாசிகளுக்கு வைத்தியமும் பார்ப்பார்.

ஒருநாள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். மூவருக்கும் தொழுநோய். அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் காலைக் கழுவி, கட்டுப்போட்டு அனுப்பினார். அம்மா ஒரு கூடையில் சாப்பாடு வைத்துக் கொடுத்து, கூடையைத் திருப்பித் தர வேண்டாம் என்றார். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. அந்த நோய்க்கு அவ்வளவு பயந்த காலம் அது. அப்பா கட்டுப்போட்ட அந்தக் கால்கள் சிறுவன் மனதில் தங்கிவிட்டன.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. 1929ல் மலேரியாவின் கடுமையான வகையான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார்.

அம்மா ஈவ்லின் மலையை விடவில்லை. ஓய்வு பெறும் வயது தாண்டியும் திரும்பி வந்து, மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்து சேவை செய்தார். 1974ல், 95 வயதில் காலமானார்.

கொத்து வேலை தெரிந்த டாக்டர்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பால் மருத்துவம் பக்கமே திரும்பவில்லை. அப்பா மாதிரி ஆகணும் என்று கட்டட வேலை கற்றுக்கொண்டார். தச்சு வேலை, கொத்து வேலை என்று சில வருஷம் போனது. பிறகு மிஷனரிகளுக்கான ஒரு சின்ன மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோதுதான் மனசு மாறியது. லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து காயப்பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து அறுவை சிகிச்சையில் கை தேர்ந்தார். உடன் படித்த மார்கரெட்டை 1943ல் கல்யாணம் செய்துகொண்டார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயால் கண் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தருவதில் நிபுணரானார்.

1946ல் வேலூர் சி.எம்.சி-யில் இருந்து அழைப்பு. வந்து சேர்ந்தார் பால். அழைத்தவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். அடுத்த வருஷம் அவருடன் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார் பால். விரல்கள் மடங்கிப்போன, தேய்ந்து குட்டையாகிப்போன கைகள். அதில் ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அந்த முடங்கிய கை இவர் கையை நெரித்துவிட்டது. அவ்வளவு வலு.

அவருக்குப் பெரிய ஆச்சர்யம். சதை அழுகி விழுகிற நோய் என்றுதானே உலகமே நம்புகிறது? அழுகிய கைக்கு இவ்வளவு பலம் எப்படி வரும்?

துப்பறியும் வேலை

அங்கிருந்து தொடங்கியது தேடல். 1948ல் வேலூரில், முடங்கிய விரல்களுக்கு நல்ல தசைநாணை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை ஆரம்பித்தார். விரல் நீண்டது, கை திறந்தது. ஆனால், குணமானவர்களுக்கு வேலை கொடுக்க யாரும் தயாராக இல்லை. அதனால் கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் கட்டி 'நவஜீவ நிலையம்' தொடங்கினார். தனக்குத் தெரிந்த தச்சு வேலையை அங்கிருந்த இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொம்மை செய்தார்கள்.

அங்கேதான் உண்மை பிடிபட்டது. ஒருவன் கையில் புதுசாகக் காயம் இருந்தால் பால் விடமாட்டார். எப்போது, எங்கே, எதைத் தொட்டபோது என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். சுத்தியல் பிடியில் இருந்த சிலும்பு, சூடான பாத்திரம், துருப்பிடித்த பூட்டில் சாவியை முரட்டுத்தனமாகத் திருகியது... ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ராத்திரி தூங்கும்போது எலி கடித்தது தெரியாமலேயே சிலர் விரல் இழந்திருந்தார்கள். அதற்கு அவர் கண்ட வைத்தியம் பூனை. எலி கடிக்காமல் இருக்க ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பினார்.

நோய் சதையைத் தின்னவில்லை. நரம்பைச் செயலிழக்க வைத்தது. நரம்பு போனதும் வலி போனது. வலி போனதால் மனிதர்கள் தங்கள் உடம்பைத் தாங்களே உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கால் சொன்ன பாடம்

கையைச் சரிசெய்தாலும் கால் ஏமாற்றியது. அடிப்பாதத்தில் குழி விழுந்த புண்ணோடு நோயாளிகள் வருவார்கள். படுக்கவைத்துக் கட்டுப்போட்டால் ஆறும். வீட்டுக்குப் போய் நடந்தால் திரும்ப வரும்.

நமக்கு காலில் கொப்புளம் வந்தால் என்ன செய்வோம்? நொண்டுவோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு எடையை வேற இடத்துக்கு மாத்திடுவோம். நீண்ட தூரம் நடந்தால், நமக்கே தெரியாமல் நடையின் தினுசை அப்பப்போ மாற்றிக்கொள்வோம். ஆனால், பால் பார்த்த நோயாளிகள் திறந்த புண்ணின் மேலேயே அழுத்தி மிதித்து, கம்பீரமாக நடந்து வந்தார்கள். நொண்டவே இல்லை.

புண் ஆறாததற்குக் காரணம் இதுதான் என்று அவருக்குப் புரிந்தது. உடம்பு புதுச் சதையைக் கட்டுகிறது. அடுத்த அடி அதை நசுக்குகிறது. கொத்து வேலை தெரிந்தவருக்கு இது விளங்காமல் போகுமா? பூசின ஈரம் காயறதுக்குள்ள அது மேல நடந்தா எந்தத் தரைதான் நிக்கும்?

தீர்வு, எலும்பு முறிஞ்சா போடுவோமே, அதே மாவுக்கட்டு. 1930களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இந்த வழியைக் கையாண்டிருந்தார். வேலூரில் பால் பிராண்ட் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி, செப்பனிட்டார். பாதத்தின் மேடு பள்ளத்தோடு ஒட்டிப் படியும் மாதிரி, முழங்காலுக்குக் கீழே வரை போடுகிற கட்டு. எடை ஒரு புள்ளியில் இறங்காமல் முழுப் பாதத்துக்கும் பரவும். கெண்டைக்கால் வழியாக கொஞ்சம் எடையை அந்தக் கட்டின் சுவரே தாங்கிக்கொள்ளும். கணுக்கால் மடங்காததால் முன்பாதத்தை ஊன்றி உந்த முடியாது, எட்டும் சின்னதாகும். மாசக்கணக்கில் ஆறாத புண்கள் சில வாரங்களில் மூடின. நோயாளி படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. கட்டோடு நடந்தே போகலாம்.

ஆணி இல்லாத செருப்பு

கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால், வெறுங்காலோடு நடந்து மறுபடி புண்ணோடு வந்தார்கள். அதனால் அடுத்த வேலை செருப்பு. வேலூரிலும் பக்கத்தில் உள்ள காரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் விதவிதமாகச் செய்து பார்த்தார்கள். உள்ளே மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர், வெளியே முள் ஏறாத கெட்டியான அடி. இன்று மருந்துக்கடைகளிலும் செருப்புக் கடைகளிலும் எம்.சி.ஆர் செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான்.

இதில் ஒரு விதி, ஆணி கூடாது. உணர்ச்சி இல்லாத காலில் ஆணி குத்தினால் அவருக்குத் தெரியாது. சிவகாசி பக்கத்து வாசகர்களுக்கு இது பழகின விதி மாதிரி இருக்கும். பட்டாசு ஆலைகளுக்குள்ளும் இரும்பு ஆணி வைத்த செருப்புக்குத் தடை. அங்கே பயம் தீப்பொறியைப் பார்த்து. அதனாலேயே பலர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வேலை பார்க்கிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அந்த வெறுங்கால் ஆபத்து. ஆணி இல்லாத மெத்தென்ற செருப்பு எதை உள்ளே அனுமதிப்பார்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு வைப்பது நல்லது.

ஒரு ராத்திரி முழுக்க பயம்

1950களில் ஒருமுறை, நீண்ட பயணம் முடித்து இங்கிலாந்தில் இறங்கினார் பால். கப்பல், பிறகு லண்டனுக்கு ரயில். உடம்பும் சரியில்லை. ராத்திரி அறையில் ஷூவைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியை எடுத்துக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயாளிகளுக்கு நடுவே இத்தனை வருஷம் வேலை பார்த்தாச்சு. தனக்கும் வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டார். குழந்தைகளை இனி தொடக் கூடாது, வேலையை விட வேண்டும் என்றெல்லாம் நினைத்து விடிய விடியத் தூங்கவில்லை.

காலையில் மறுபடி குத்தினார். சுரீர் என்றது. ரயிலில் காலை மடக்கி ஒரே மாதிரி உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். வலியை உடம்புக்குக் கிடைத்த வரம் என்று கடைசிவரை பேசியும் எழுதியும் வந்ததற்கு இந்த ராத்திரியும் ஒரு காரணம்.

தொழுநோயில் இருந்து சர்க்கரைக்கு

1966ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்தபோது அவருக்கு வேலூர் ஞாபகம் வந்தது. அதே இடத்தில், அதே மாதிரி குழிப்புண். சர்க்கரையால் ரத்த ஓட்டம் கெட்டுவிட்டது, இனி ஆறாது, காலை எடுத்துவிடலாம் என்பதுதான் அன்றைக்குப் பொதுவான கருத்து. பால் தொட்டுப் பார்த்தார். பலரின் கால் வெதுவெதுப்பாக, நாடித் துடிப்போடு இருந்தது. இல்லாதது உணர்ச்சி மட்டும்தான். மாவுக்கட்டு போட்டார். ஆறியது.

ஏன் என்று நிரூபிக்கவும் இறங்கினார். எலியின் பாதத்தை ஒரு சின்ன இயந்திரம் திரும்பத் திரும்பத் தட்டும்படி வைத்தார்கள். ஒரு தட்டு ஒன்றும் செய்யாது. தினம் ஆயிரக்கணக்கில், நாள்கணக்கில் தட்டினால் அதே இடம் சூடாகி, வீங்கி, கடைசியில் புண்ணாக உடையும். ஆணி குத்தினால்தான் புண் என்றில்லை, சாதாரண நடையே போதும். புண் வருவதற்கு முன்னாடியே அந்த இடம் சூடாகும் என்பதையும் கார்வில் குழு வெப்பப் படங்களில் பார்த்தது. இப்போது டாக்டர்கள் பாதத்தில் நைலான் இழையை வளைய வளைய அழுத்தி உணர்ச்சி பார்க்கிறார்களே, அந்தப் பரிசோதனை பரவியதிலும் கார்வில் ஆராய்ச்சிக்குப் பங்கு உண்டு.

அவர் தோற்ற இடம்

செயற்கையாக வலியை உருவாக்க முடியுமா என்றும் முயன்றார். அழுத்தம் அதிகமானால் எச்சரிக்கிற கையுறை, காலுறை. முதலில் சத்தம், பிறகு வெளிச்சம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் லேசான கரன்ட் ஷாக் கொடுத்தார்கள். முக்கியமான வேலை வந்தால் நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்கள். வருஷக்கணக்கான முயற்சி கைவிடப்பட்டது.

அவர் தெரிந்துகொண்டது இது. வலியை அணைக்க ஸ்விட்ச் இருந்தால் மனுஷன் அணைத்துவிடுவான். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அடுப்பில் பால் பொங்கும்போது எந்த அம்மா காலைப் பார்ப்பார்?

இன்றைய சிகிச்சையும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. 2001ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 63 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். கழற்ற முடியாத மாவுக்கட்டு போட்டவர்களில் 12 வாரத்துக்குள் பத்தில் ஒன்பது பேருக்குப் புண் ஆறியது. கழற்றக்கூடிய பூட்ஸ் போட்டவர்களில் 65 சதவிகிதம், பாதிச் செருப்பு போட்டவர்களில் 58 சதவிகிதம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் 2003ல் வெளியான இன்னொரு ஆய்வில் தெரிந்தது. கழற்றக்கூடியதைக் கொடுத்தால், நோயாளிகள் எடுத்துவைத்த அடிகளில் வெறும் 28 சதவிகிதத்துக்குத்தான் அது காலில் இருந்தது. வீட்டுக்குள்தானே என்று கழற்றிவிடுகிறார்கள். அதனால்தான், உணர்ச்சி இழந்த பாதத்தின் முன்பகுதி, நடுப்பகுதிப் புண்களுக்கு, கழற்ற முடியாத முழங்கால் உயரக் கட்டையே முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

நம்ம வீட்டுக்கு என்ன செய்யலாம்?

* தினம் ராத்திரி பாதத்தைப் பாருங்க. குனிய முடியாத அம்மா அப்பாவின் அடிப்பாதத்தை உங்க போனில் படம் எடுங்க. நேற்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. விரல் இடுக்கையும் விடாதீங்க.
* புறங்கையால் தொட்டுப் பாருங்க. ஒரு காலைவிட இன்னொரு காலில் ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் அது எச்சரிக்கை. நடையைக் குறைத்து டாக்டரைப் பாருங்க.
* காய்ப்பு, கால் ஆணி இருந்தால் பிளேடால் வீட்டில் சீவாதீங்க. காய்ப்பு என்பது செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி. அதற்குக் கீழேயே புண் இருக்கலாம். டாக்டரிடம்தான் எடுக்கணும்.
* வீட்டுக்குள்ளும் செருப்பு. போடும் முன்னாடி உதறிப் போடுங்க.
* மரத்த காலை வெந்நீரில் வைக்காதீங்க. சூடு தெரியாது, வெந்துவிடும்.
* சின்னப் புண் என்றாலும், வலி இல்லை என்றாலும், ஒரு நாள் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து என்ன என்பதோடு, இந்தப் புண் மேல எடை விழாம இருக்க என்ன வழி என்றும் கேளுங்க.
* கட்டை நீங்களே போடாதீங்க. சீழ், காய்ச்சல் இருந்தாலோ, ரத்த ஓட்டம் ரொம்பக் குறைவாக இருந்தாலோ மாவுக்கட்டு ஆபத்து. ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்துவிட்டு, பழகின கை போடணும், அடிக்கடி பிரித்துப் பார்க்கணும்.
* நேர்த்திக்கடன் இருந்தால் புண் ஆறும்வரை பொறுங்க. இருக்கன்குடிக்கு இந்த வருஷம் பஸ்ஸில் போனாலும் ஆத்தா ஏத்துக்குவா.

பால் பிராண்ட் 1986ல் ஓய்வு பெற்று, சியாட்டில் நகரில் குடியேறினார். தொழுநோயாளிகளுக்கான சேவைக்காக 1960ல் லாஸ்கர் விருது, அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ கௌரவம் எல்லாம் வந்திருந்தன. 2003 ஜூலை 8 அன்று, 89வது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னால் இறந்தார். கொல்லிமலையில் அப்பா கழுவிக் கட்டிய அந்தக் கால்களுக்கு என்ன தேவைப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் போனார்.

இன்னைக்கு ராத்திரி, ரீல்ஸ் பார்த்து முடிச்சதும், அதே போனின் டார்ச்சைப் போட்டு வீட்டில் சர்க்கரை இருப்பவரின் உள்ளங்காலை ஒரு தடவை பாருங்க. வலிக்கலைன்னு அவங்க சொன்னா, அதுக்காகவே இன்னும் கொஞ்சம் நல்லா பாருங்க.